வெளியிருப்பு நேரம் (சமைத்த உணவு)

சமைத்த உணவு போதிய சூட்டிலோ குளிர்பதனத்திலோ இல்லாமல், வெளியே இருக்கும் மொத்த நேரம் வெளியிருப்பு நேரம் எனலாம். சாம்பார், சோறு, பொரியல், இறைச்சிக் குழம்பு போன்ற ஈரப்பதம் மிகுந்த உணவுகளுக்கு இது முக்கியமானது. பொதுவாக 5 முதல் 60 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. எனவே உணவு இந்த இடைவெளியில் இருக்கும் நேரமே கணக்கிடப்படுகிறது.

இதற்குச் 'சேமிப்புக் காலம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது பொருந்தாது. அது 'ஷெல்ப் லைப்' என்பதற்கு உரியது. பிஸ்கட், ஊறுகாய் போன்றவை உறை பிரிக்கப்படாமல், சொன்ன முறையில் வைக்கப்பட்டால் எத்தனை நாள் தரம் குன்றாமல் இருக்கும் என்பதைக் குறிக்கும். உணவகங்களில் வழங்கும் 'ஹோல்டிங் டைம்' என்பதும் முழுமையாக இதுவன்று. சமைத்ததைச் சூடாக்கிப் பெட்டியில் வைத்து, பரிமாறும் வரை காத்திருக்கும் நேரத்தையும் அது உள்ளடக்கும். 60 பாகைக்கு மேல் சூடாக உள்ள குழம்பு மூன்று மணி நேரம் காத்திருக்கலாம். அதன் வெளியிருப்பு நேரம் அப்போதும் சுழிதான். பந்தி முடிந்து அண்டாவில் ஆறிக் கிடக்கும் குழம்பின் கதை வேறு.

தமிழில் உணவு கெட்ட நிலையைச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஊசிப்போதல், புளித்துப்போதல், நூல் விடுதல், பூசணம் பிடித்தல் எனப் பல உண்டு. இவை அனைத்தும் மூக்கும் நாக்கும் கண்ணும் கண்டுபிடிப்பவை. கெடுவதற்கு முன் கழியும் நேரத்தைக் குறிப்பவை அல்ல. இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. நோய் உண்டாக்கும் அளவு கிருமிகள் பெருகிய பின்னும் உணவின் மணமும் சுவையும் மாறாமல் இருக்கக்கூடும். "இன்னும் ஊசிப்போகவில்லை" என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

சோறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கும். கொதிக்கவைத்தாலும் அழியாமல் தப்பும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கலாம். மீண்டும் சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு சிதையாது. கையிலிருந்து உணவில் சேரும் ஸ்டெபைலோகாக்கசு ஆரியசின் நச்சும் வெப்பத்தைத் தாங்கும். ஆகவே சூடாக்குவதால் கழிந்த நேரம் அழிந்துவிடுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படும் இரண்டு மணி – நான்கு மணி விதி இதைக் கூட்டிக் கணக்கிடுகிறது. மொத்தம் 2 மணி நேரத்துக்குள் எனில் உண்ணலாம், அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி வரை எனில் உடனே உண்ண வேண்டும், திரும்ப உள்ளே வைக்கக்கூடாது. 4 மணியைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். காலையில் ஒரு மணி நேரமும் மதியம் ஒன்றரை மணி நேரமும் வெளியே இருந்த கூட்டுக்கு வெளியிருப்பு நேரம் இரண்டரை மணி. அமெரிக்க வேளாண்மைத் துறை வீடுகளுக்குத் தரும் அறிவுரை இன்னும் இறுக்கமானது: 2 மணி நேரம், வெப்பம் 32 பாகைக்கு மேல் எனில் 1 மணி நேரம். தமிழ்நாட்டின் கோடைப் பகல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும்.

நீரூற்றிய பழைய சோறு இரவு முழுவதும் வெளியே இருப்பதை இந்தக் கணக்கில் அப்படியே சேர்ப்பது சரியாகாது. அங்கே நேரம் தயாரிப்பின் ஒரு பகுதி. இலாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பேற்றுவதால் மற்றக் கிருமிகள் பலவற்றின் வளர்ச்சி தடைபடுகிறது. இட்லி மாவுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் அந்த மாவில் வெந்த இட்லிக்கும், தொட்டுக்கொள்ள அரைத்த தேங்காய்ச் சட்னிக்கும் வெளியிருப்பு நேரம் வழக்கம்போல ஓடத் தொடங்கிவிடும்.