தகுதி வழக்கும் தண்டனையும்

கரடியனாற்றிலே மாணாக்கர் சிலருக்கு நன்னூல் கற்பித்துக்கொண்டிருந்தேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கு மூன்று. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம் என விளக்கினேன். ஒரு மாணவன் எழுந்து, "பிறர் மனம் நோகச் சொல்வோரைச் சட்டம் தண்டிக்கலாமா, ஐயா?" என்று வினவினான்.

வீண் வினாவன்று அது. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, தம் சிறுகதையொன்று பௌத்தத்தை இழிவுபடுத்துகிறதெனப் பிக்குகள் முறையிட்டமையாற் கைதானார். நான்கு திங்கள் விளக்கமறியலில் இருந்தார். 2021இல் வழக்கினின்று விடுவிக்கப்பட்டார். அவர்மீது ஏவப்பட்டது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த 2007இல் இயற்றிய 56ஆம் இலக்கச் சட்டம். உரிமை காக்க வந்த சட்டமே உரைத்தவரைச் சிறையிட்டது!

அச்சட்டம் தடுப்பது பகைமையும் வன்முறையும் தூண்டும் பேச்சையே, அது தகும். மனம் நோதல் வேறு. அதனை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. முறையிடுவோர் கையில் விட்டால் வலியார் நோவே சட்டமாகும். எளியார் நோவு செவியேறாது.

நன்னூலார் தகுதி வழக்கை வகுத்தார். மீறினோர்க்குத் தண்டம் வகுத்திலர். சொற்பண்பு பேசுவோன் தானே பூணும் அணி. பிறர் வலிந்து பூட்டின் விலங்கே. மாணவனுக்கு யான் கூறிய விடையும் இதுவே.