தள்ளுபடியும் தள்ளிவைப்பும்

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப் ஜீப்பாக மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்குக் கோர்ட்டுச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. கூலி, பட்டா, அணைத் தண்ணீர் என்று அவன் வாழ்வில் பாதி ஏதாவதொரு கோர்ட்டில் கட்டுண்டு கிடக்கிறது. போடிமெட்டு டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கிறார். பத்துப் பேர் கேட்கிறார்கள். தலைப்பு என்ன சொல்கிறதோ, அதுதான் அன்று தோட்டமெங்கும் தீர்ப்பு!

ஆகவே நிருபர் வேலைக்கு வரும் இளந்தோழரிடம் நாம் கேட்பது, எழுத வருமா என்பதல்ல. உத்தரவைக் கடைசிப் பாரா வரை படிக்கும் பொறுமை உண்டா என்பதுதான்.

முதலில் சொற்களைப் பாருங்கள். 'கேஸ் தள்ளிப்போச்சு' என்று வாசலில் ஒருவர் சொல்கிறார். தள்ளிவைத்தார்களா, தள்ளுபடி செய்தார்களா? முன்னது வாய்தா, பின்னது தோல்வி. 'முடித்து வைக்கப்பட்டது' என்பது இன்னும் பொல்லாதது. தொழிலாளர் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள் என்று அதிகாரிக்குச் சொல்லி வழக்கை முடித்திருப்பார்கள். பரிசீலித்து அவர் 'முடியாது' என்றும் சொல்லலாம். இதற்கு 'கோரிக்கை வென்றது' என்று தலைப்பிட்டால், மிட்டாய் வழங்கிய கை மறுமாதம் நம் பத்திரிகையைத்தான் கிழிக்கும்.

நம் கண்ணெதிரே ஒரு பாடப்புத்தகமே இருக்கிறது. போடி மேற்கு மலையடியில், பொட்டிப்புரத்தை ஒட்டி, மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம். கருவியின் இரும்பு மட்டும் 50,000 டன்! 2015 மார்ச்சில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. திட்டம் கெடுதல் என்றா? இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்காதே என்றது. இது பூட்டு, ஆனால் சாவி வாரியத்திடம் இருந்தது.

2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம் என்ன? போடிமெட்டுக்கு அந்தப் பக்கமுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐந்துக்குள் வந்துவிட்டதால் கடுமையான பிரிவில் வைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும் என்பது. நூறு மீட்டரில் தொங்கிய வழக்கு! அந்த 4.9-ஐ விட்டுவிட்டு எழுதினால் செய்தியில் உயிர் ஏது? 'ரத்து' என்று ஒரே சொல்லில் முடிக்கத்தான் கை துடிக்கும். ஆனால் புதிதாக விண்ணப்பிக்கும் கதவு திறந்தே இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்ததே!

அதே ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பாய உத்தரவுதான் நிருபருக்குச் சரியான பரீட்சை. அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலின்றி வேலை கூடாது என்றும் சொன்னது. 'பச்சைக்கொடி' என்று ஒருவர் எழுதலாம், 'தடை' என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டும் பாதி உண்மை. மலையடிக் குடியானவனுக்கு வேண்டியது இரண்டு பாதியும்.

2022-இல் தமிழ்நாடு அரசு திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது பிரமாணப் பத்திரம். அது ஒரு தரப்பின் வாக்கு, கோர்ட்டின் வாக்கல்ல. நீதிபதி விசாரணையில் வாய்மொழியாகக் கேட்கும் கேள்வியும் அப்படியே. உத்தரவில் ஏறாதவரை அது கேள்விதான்.

சரி, கோர்ட்டைப் பற்றி எழுதினால் அவமதிப்பு வராதா என்று தோழர்கள் அஞ்சுகிறார்கள். கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட், நீதிமன்றங்கள் வர்க்க ஆட்சியின் கருவிகள் என்று 1967-இல் பத்திரிகையாளர் கூட்டத்தில் பேசினார். உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதம் போட்டது. 1970-இல் உச்ச நீதிமன்றம் அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. பிறகு வந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம், நடவடிக்கைகளை நியாயமாகவும் பிசகின்றியும் வெளியிடுவது அவமதிப்பு ஆகாது என்கிறது. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்கவும் இடம் தருகிறது. 'பிசகின்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் கட்சிக்கு இனிக்கும் வரியை மட்டும் பொறுக்கி எடுப்பவருக்கு அந்தக் கவசம் பொருந்தாது.

வேலை முறை எளிது. இரு தரப்பு வக்கீலையும் கேளுங்கள். நம் வக்கீலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். உத்தரவு நகலை வாங்குங்கள். மேல் கோர்ட்டுகளின் உத்தரவுகள் இப்போது இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கடைசிப் பாராவை முதலில் படியுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதைச் செய்தியின் முதல் வரியில் வையுங்கள். மேல்முறையீடு உண்டா, அடுத்த வாய்தா எப்போது என்பதையும் சேருங்கள். ஒருநாள் கூலியை விட்டு ஜீப் பிடித்துத் தேனி கோர்ட்டுக்குப் போகிறவன் அந்தத் தேதியைத்தான் பத்திரிகையில் தேடுகிறான்.