தாத்தா காலத்து ரிவால்வர் ரிப்பேரா? பட்டறைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

நெல்லையில் பழைய வீட்டு பீரோவில் தாத்தாவின் வெப்ளி ரிவால்வர் துருப்பிடித்துக் கிடக்கிறது. ‘ஸ்பிரிங்தானே, லேத் பட்டறையில கொடுத்தா ஆச்சு’ என்று நினைத்தால் சிக்கல்தான்.

பட்டறையில் ஏன் கூடாது?

1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி உரிமம் வேண்டும். மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டியது. உதிரி பாகமும் சட்டப்படி ஆயுதத்தில் அடங்கும்.

‘பழம்பொருள்தானே?’

ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் உரிமம் கட்டாயம்.

பார்ட்ஸ் ஏன் கஷ்டம்?

வெப்ளி, இங்கிலாந்தின் பர்மிங்காம் தயாரிப்பு. பழைய மாடல்கள் பல இப்போது தயாராவதில்லை. ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டாலும் அரம் போட்டுப் பொருத்த வேண்டிவரும். சிலிண்டர் அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் சுடுபவருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்?

உரிமதாரர் இறந்திருந்தால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாரிசு உரிமம் பெற்றால் திரும்ப வாங்கலாம். இல்லையேல் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். ரிப்பேர் எல்லாம் அதுக்கப்புறம்தான், அதுவும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் மட்டும்.