இலவசம் மட்டும் போதுமா? பிரிட்டன் மருத்துவச் சேவை எழுப்பும் கேள்வி

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் அதை உருவாக்கினார். நோயாளியின் தேவையைப் பார்த்தே சிகிச்சை; பணத்தைப் பார்த்து அல்ல. இந்தக் கொள்கை சரியா என்று அங்கே யாரும் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. சேவை தரமாக, நேரத்தில் கிடைக்கிறதா என்பதுதான் விவாதம்.

எப்படி இயங்குகிறது?

செலவில் பெரும்பகுதி வரிப்பணத்திலிருந்து வருகிறது. மக்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கிறார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலும் அவருடைய பரிந்துரை வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் படுக்கைக்கும் பில் கிடையாது. ஆனால் செயற்கைப் பல், மூக்குக் கண்ணாடிச் செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்டவேண்டும் என்று 1951-இல் முடிவானபோது, அதை எதிர்த்துப் பெவன் பதவி விலகினார்.

தரம் எப்படி?

அமெரிக்காவின் காமன்வெல்த் ஃபண்ட் அமைப்பு 2017-இல் 11 பணக்கார நாடுகளை ஒப்பிட்டது. ஒட்டுமொத்தத்திலும் சமத்துவத்திலும் பிரிட்டன் முதலிடம். சிகிச்சையால் கிடைக்கும் பலன்களில் மட்டும் 10-ஆவது இடம். ஒட்டுமொத்தப் பட்டியலில் கடைசி இடம் அமெரிக்காவுக்கு.

காத்திருப்பும் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் பரிந்துரை கிடைத்த 18 வாரங்களுக்குள் 92% பேருக்குச் சிகிச்சை தொடங்கவேண்டும். 2016-க்குப் பிறகு இந்த இலக்கு எட்டப்படவில்லை. 2023-இல் காத்திருப்புப் பட்டியல் 75 லட்சத்தைத் தாண்டியது.

தாமதம் யாரைப் பாதிக்கிறது?

இடுப்பு மூட்டு தேய்ந்தவரிடம் பணம் இருந்தால் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். கிடங்கில் பெட்டி தூக்குபவர் வலியோடு காத்திருப்பார், வேலையும் போகலாம். வேல்ஸின் சுரங்கக் கிராமத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-இல் லான்செட் மருத்துவ இதழில் இப்படி எச்சரித்தார்: தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் பிடி இறுகினால் இந்த நிலை இன்னும் மோசமாகும்.

ஆகவே, நீதியா தரமா என்று பிரித்துப் பேசுவது தவறு. பொது மருத்துவமனையின் தரம் சரியும்போது முதலில் வெளியேறுபவர்கள் வசதியானவர்கள், மிஞ்சுபவர்கள் ஏழைகள். மருத்துவர், செவிலியர், படுக்கை, ஸ்கேன் கருவி ஆகியவற்றுக்கு அரசு தரும் பணம் தரத்துக்கான செலவு மட்டுமல்ல, சமத்துவத்துக்கான செலவும்தான். இலவசம் என்ற வாக்குறுதியை எந்த அரசு தந்தாலும், எத்தனை வாரத்தில் சிகிச்சை என்பதையும் அதே வாக்குறுதியில் சேர்க்கவேண்டும்.