டால்பட்டில் கிராமத்து ஆறு உழவர்கள்

தென் இங்கிலாந்தில் டார்ஸெட் ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூர் டால்பட்டில். பிடில் என்னும் சிற்றாறு, பழைய மாதாகோயில், கூரை வேய்ந்த குடிசைகள் ஆகியவையே அதன் செல்வம். மாதாகோயிலை நடுவாகக் கொண்ட இத்தகைய வட்டாரத்தை அந்நாட்டார் 'பாரிஷ்' என்பர். அக்காலத்தில், வாழ வகையற்ற ஏழைகளுக்குப் படியளக்கும் பொறுப்பும் பாரிஷைச் சார்ந்ததாகவே இருந்தது. அந்தப் பொறுப்பு இவ்வூரில் எவ்வாறு நிறைவேறிற்று என்பதைச் சரித்திரம் மறக்கவில்லை.

இவ்வூர்ப் பண்ணையாட்களின் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து படிப்படியாக 7 ஷில்லிங்காகக் குறைந்தது. இனி 6 ஷில்லிங்தான் என்ற பேச்சும் எழுந்தது. குடும்பத்துக்கு ரொட்டி வாங்கவும் அது போதாது. ஆகவே 1833-ம் ஆண்டில் ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவரின் தலைமையில் அவர்கள் ஒரு சங்கம் கண்டனர். லவ்லெஸ் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர், கலகத்தை விரும்பாதவர். சங்கத்தில் சேர்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இரகசியப் பிரமாணம் செய்தனர்.

தொழிலாளர் சங்கம் சேர்வதற்கு இருந்த தடை 1824-லேயே நீங்கிவிட்டது. எனவே நிலப்பிரபுக்கள் வேறு வழி தேடினர். கடற்படைக் கலகத்தை அடக்க 1797-ல் இயற்றப்பட்ட பிரமாணத் தடைச் சட்டம் அவர்களுக்குக் கை கொடுத்தது. 1834 பிப்ரவரியில் லவ்லெஸும் ஐந்து தோழர்களும் கைதாயினர். மார்ச்சில் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிக் கப்பல்கள் அவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றன.

திக்கற்று நின்ற மனைவிமார் பாரிஷின் உதவியை நாடினர். சங்கத்தாரின் குடும்பங்களுக்கு ஒன்றுமில்லை என்று மாஜிஸ்திரேட்டுகள் மறுத்துவிட்டனர். சொந்த ஊரார் மூடிய கதவை முகமறியாத லண்டன் தொழிலாளர் திறந்தனர். அவர்கள் நிதி திரட்டி அக்குடும்பங்களைக் காத்தனர். ஏப்ரல் மாதத்தில் பெரும் ஊர்வலம் நடத்தி விண்ணப்பமும் செய்தனர். கிளர்ச்சி ஓயவில்லை. 1836 மார்ச்சில் அரசாங்கம் அறுவருக்கும் மன்னிப்பு வழங்கிற்று.

திரும்பியவர்களில் ஐவர் பின்னர் கனடாவில் குடியேறினர். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவரே இவ்வூரில் தங்கினார். முதுமையில் பார்வை மங்கவே, குடும்பத்தாருக்குப் பாரமாக இருக்க மனமின்றி, டார்செஸ்டர் நகரத்து ஏழை விடுதியில் சேர்ந்தார். 1891-ல் அங்கேயே உயிர் நீத்தார்.

அவருடைய உடல் டால்பட்டில் மாதாகோயில் முற்றத்தில் அடக்கமாயிற்று. 1934-ல், தண்டனையின் நூற்றாண்டு நினைவாக, அங்கே கல் நாட்டினர். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் தொழிலாளர்கள் திரண்டு வந்து அதன் மீது மலர்வளையம் வைக்கிறார்கள். இன்று இவ்வூர் அந்த அறுவராலேயே உலகில் அறியப்படுகிறது.