நெஞ்சகக் கோட்டை

திண்டிவனத்தினின்று மேற்கே செல்வோரும், விழுப்புரத்தினின்று வடமேற்கே செல்வோரும் செஞ்சிக் கோட்டையைக் கண்டு வியப்பர். மூன்று குன்றுகளை இணைத்தெழுந்த மதில்களும், அகழியும், அடுத்தடுத்த வாயில்களும் அதற்கு அரணாவன. ஒரு வாயில் வீழினும் மறுவாயில் பகைவனைத் தடுக்கும். இத்தகைய அடுக்கரண் ஒன்று மனிதனின் நெஞ்சகத்துள்ளும் உண்டு. நுரையீரலாகிய அக்கோட்டையைக் காக்கும் படையே நோய் எதிர்ப்பாற்றல்.

மனிதன் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறான். அதனோடு தூசியும், பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும் புகுகின்றன. மூக்கிலுள்ள மயிர்கள் பெருந்தூசியைத் தடுத்து நிறுத்துகின்றன. இது முதல் வாயில். மூச்சுக்குழலின் உட்புறத்தே சளி படர்ந்துள்ளது, இது அகழி. அதில் ஒட்டிய கிருமிகளைக் கண்ணுக்குப் புலனாகாத குறுமயிர்கள், காற்றில் அலையும் நெற்பயிரைப்போல் அசைந்தசைந்து, தொண்டைக்கு மேலேற்றுகின்றன. இருமல் எஞ்சியவற்றை வெளியே தள்ளுகிறது.

இவற்றையும் கடந்து நுரையீரலின் காற்றறைகளை அடையும் கிருமிகளை எதிர்கொள்வன விழுங்கணுக்கள். அவை காவலரைப்போல் உலவி, எதிர்ப்பட்ட கிருமியை விழுங்கிச் செரித்துவிடும். இத்தகைய அணுக்களின் தொழிலை ஆராய்ந்த மெச்னிக்காவ் என்பார் 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பகை மிகுந்தால் விழுங்கணுக்கள் வேதிப்பொருள்களைத் தூது விடுக்கும். குருதியிலிருந்து வெள்ளணுக்கள் திரண்டு வரும். அப்போரின் அறிகுறிகளுள் ஒன்றே காய்ச்சல். வேறு சில அணுக்கள் பகைவனின் அடையாளத்தை நினைவிற் கொண்டு, அவன் மீண்டும் வரும்பொழுது விரைந்து தாக்கும். தடுப்பூசியின் பயன் இந்நினைவாற்றலைச் சார்ந்ததாகும்.

ஆயினும், இக்காவலை ஏய்க்கும் வஞ்சகப் பகை ஒன்று உண்டு. அதுவே 1882-இல் இராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி. விழுங்கணு விழுங்கினும் அது எளிதில் மடிவதில்லை. காவலனின் வயிற்றிலேயே குடியிருக்கும். அப்பொழுது பிற அணுக்கள் அதனைச் சூழ்ந்து சுவரெழுப்பிச் சிறை வைக்கின்றன. முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது 1690 முதல் 1698 வரை. நெஞ்சகக் காவலரோ இக்கிருமியை வாழ்நாள் முழுதும் முற்றுகையிட நேரலாம்! உணவு குன்றினாலும், புகை பிடித்தாலும், நீரிழிவு முற்றினாலும் காவல் தளரும்; சிறையுடைத்துப் பகை வெளிப்படும். வானூர் வட்டாரக் கற்குவாரிகள் போன்ற இடங்களில் எழும் நுண்ணிய கல்தூளை விழுங்கும் அணுக்கள் தாமே மடிகின்றன. ஆதலின் கல்லுடைப்போரைக் காசம் எளிதிற் பற்றுகிறது.

காவல் தளர்ந்தவிடத்து மருந்தே துணைப்படை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் மருத்துவமனையில் தங்கியிருப்போரைப்போல் நலம் பெறுவர் என உலகிற்கு மெய்ப்பித்தது. இன்று பெரும்பாலோர்க்கு ஆறு திங்கள் மருந்து போதும். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியை நாடுவோர்க்குப் பரிசோதனையும் மருந்தும் விலையின்றிக் கிடைக்கும்.

இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், கோட்டையினுள்ளிருந்து காவலர் எழுப்பும் முரசொலி. நாணத்தால் அதனை மறைப்பவன் தன் படைக்கு வரவேண்டிய துணையைத் தானே தடுத்தவனாவான்.