கற்போர் யார், கற்பிப்போர் யார்? தோட்டப்புற வளர்ந்தோர் கல்வியின் முதல் வினா

வளர்ந்தோர் கல்வித் திட்டம் எதுவாயினும் அதன் முதற்படிவத்தில் "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்னும் வினா இருக்கும். அதன் எதிரே 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள் இருக்கும். நன்முறையில் தொடங்கிய வகுப்பு ஏன் சில வாரங்களில் கலைந்துவிடுகிறது என்பதற்கான காரணம் பெரும்பாலும் அவ்விரு கட்டங்களிலேயே அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

சுங்கை புரோங்கில் ஒரு வகுப்புத் தொடங்குவதாகக் கொள்வோம். கடலோரம் நெல்வயல்கள், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் முன்பு கித்தாக் காடும் பின்பு செம்பனையுமாய் அமைந்த தோட்டங்கள். அத்தோட்டங்களில் வாழ்ந்த, வாழ்கின்ற நம் மக்களே வகுப்புக்கு வரக்கூடியவர்கள். அவர்களை 'ஆம்', 'இல்லை' என இருகூறாகப் பிரிக்க இயலுமா?

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அவ்வழியில் வந்தவர்களுள் சிலர் தமிழ் நாளிதழைத் தடையின்றிப் படிப்பர். ஆனால் ரூமி எழுத்தில் அச்சிட்ட மலாய்ப் படிவம் அவர்களுக்கு வெறுங்கோடுகளே. இரண்டாம் மூன்றாம் வகுப்போடு மரம் வெட்டப் போனவர்களோ, கற்ற எழுத்தைப் பயன்படுத்த வாய்ப்பின்றி மெல்ல இழந்தார்கள். பிற்காலத்தார் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, 'பெராலிஹான்' என்னும் இடைமாற்று வகுப்பைக் கடந்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றார்கள். அங்கே இடையில் நின்றவர்கள் மலாயை ஓரளவு படிப்பர். தமிழைத் தயங்கித் தயங்கிப் படிப்பர். ஒரே வீட்டில் பாட்டிக்கு ரூமி தெரியாது, பேத்திக்குத் தமிழ் ஓடாது. இவ்விருவருக்கும் படிவத்தில் எந்தக் கட்டத்தை ஒதுக்குவது?

பாடநூலும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். தமிழில் ஓசை எழுத்தைவிட இடத்தைச் சார்ந்தது. 'கடல்', 'அங்கே', 'பகல்' ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலிப்பு மூன்று. ரூமியில் அவ்வாறில்லை. 'புதிய' என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லையும் 'நுரையீரல்' என்னும் பொருளுடைய சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாரு'. ரூமியிலோ முதலெழுத்தே வேறு. ஆகவே தமிழ் எழுத்தறிந்தவர் ரூமியில் இடறும் இடமும், எவ்வெழுத்தும் அறியாதவர் இடறும் இடமும் ஒன்றல்ல. தமிழ் வகுப்பிலும் இடர் உண்டு. சார்லசு பெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு நம் மொழிக்கு நன்கு பொருந்தும். 'போறாங்க' என்று பேசுபவர் 'செல்கின்றனர்' என்பதை எழுத்துக்கூட்டி முடிக்கிறார். முடித்தபின் கிடைப்பது அவருக்கு அயலார் சொல். அதைக் கல்லாமை என்று பதிவது அறியாமை.

கற்போரின் சொல்லுலகை முதலில் தேடுக என்னும் முறை புதிதன்று. பிரேசிலின் அங்கிக்கோசு ஊரில் 1963-இல் பாவுலோ பிரெய்ரி ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேர அளவில் எழுத்தறிவு ஊட்ட முனைந்தபோது, அவர்கள் வாழ்க்கையில் கனமுள்ள சொற்களைத் திரட்டிய பின்னரே பாடம் அமைத்தார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் பெண்களின் அன்றாடத்திலிருந்தே வழி தேடியது. எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் ஆயிரக்கணக்கானோர் கற்றனர். ஆயினும் அங்குள்ள சொல்லை இங்கே இறக்குமதி செய்தல் பயன்தராது. புதுக்கோட்டை உழவருக்குப் 'பட்டா' உயிருள்ள சொல். நம் தோட்டத்தில் உயிருள்ளவை 'ஐசி', 'சொக்சோ', 'சேமநிதி', 'பெரட்டு'.

இவை வெறும் சொற்களல்ல. 1980-ஆம் ஆண்டுப் பணிநிறுத்த, ஆட்குறைப்புப் பயன் விதிமுறைகள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் எனக் கூறுகின்றன. 25 ஆண்டு பால் வெட்டியவருக்கு அது 500 நாள் சம்பளம். தோட்டம் கைமாறும் நாளில் மேசைமீது நீட்டப்படும் தாளில் அவ்வெண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவதும், பாராமல் பெருவிரல் பதிப்பதும் ஒன்றாகுமா? அவ்வொரு வரியே ஒரு மாதப் பாடத்துக்குப் போதும். அதுபோலவே அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் சேமநிதிப் பதிவில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட தம் பெயரைத் தாமே கண்டறிதல், அரிச்சுவடியைவிட முந்திய பாடம்.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. கடைசியாக எந்தத் தாளில் கையொப்பமிட்டீர்கள்? அதை யார் படித்துச் சொன்னார்கள்? எந்த எழுத்து, எவ்வளவு நினைவில் உள்ளது? விடியுமுன் வேலைக்குப் போகிறவர் இரவு எட்டு மணிக்கு விழித்திருப்பாரா? பெண்கள் வந்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? சிற்றெழுத்துக் கண்ணுக்குத் தெரிகிறதா? நாற்பதைக் கடந்தோர் பலருக்கு முதல் தேவை கண்ணாடி. பாடநூல் அதன் பின்னரே. ('முதியோர் கல்வி' என்ற பெயரும் முப்பது வயதினரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனாலேயே 'வளர்ந்தோர்' என்கிறோம்.)

கற்பிப்போரைப் பற்றி எவரும் படிவம் அமைப்பதில்லை, இதுவே பெருங்குறை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத்து முறையை நன்கறிவார். ஆனால் பேரப்பிள்ளை எடுத்தவர்களிடமும் "எங்கே, எல்லாரும் சொல்லுங்கள்" என்று பிள்ளைகளிடம் பேசும் குரலிலேயே பேசிவிடுவார். இடைநிலைப்பள்ளி முடித்த இளம்பெண்ணுக்கு ரூமியும் அலுவலகப் படிவமும் கைவந்தவை. தமிழ் எழுத்தில் அவளே கற்பவள். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லக் கூசுகிறோம்: கிராணி வீட்டுப் பிள்ளை கற்பிக்க, லயத்து மனிதர் கற்கும்போது, பழைய மேல்கீழ் வரிசை கரும்பலகையின் முன்னும் வந்து நிற்கும். யார் யாரை 'ஐயா' என்பார், 'அண்ணே' என்பார், 'அக்கா' என்பார் என்று முன்னரே கேட்டறிவது அற்பமன்று. முன்னவரையும் பின்னவரையும் ஒரே வகுப்பில் இணைத்து அமர்த்தினால், இருவர் குறையையும் இருவரும் நிறைப்பர்.

படிவத்தைக் கற்போர் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வது நகைப்புக்குரியது. வீடுவீடாகச் சென்று, அமர்ந்து பேசி, வெளியே வந்தபின் நாமே நிரப்ப வேண்டும். தாளும் எழுதுகோலுமாய் வாயிலில் நிற்பவரைத் தோட்டத்து மக்கள் நிருவாகத்தின் ஆளென்றே எண்ணுவர். கேட்ட வினாவுக்கெல்லாம் 'தெரியும்' என்னும் விடையே கிடைக்கும்.